சோழமண்டலத்தின் பெயரைச் சுமக்கும் சீன அரக்கு

கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டில் கோட்டை கட்டத் தொடங்கி 1676ஆம் ஆண்டில் முடித்தனர். அதே ஆண்டுகளில், காங்சி பேரரசரின் ஆட்சி சீனத்தில் வேரூன்றிக்கொண்டிருந்தபோது, அந்நாட்டுப் பட்டறைகளில் ஆளுயரத்துக்கும் மேலான கரிய அரக்குத் தட்டிகள் உருவாகிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு பலகைகளை ஒன்றோடொன்று பிணைத்து, மடித்து வைக்கக் கூடியவாறு செய்யப்பட்ட மறைப்புத் தட்டிகள் அவை. கற்பிட்டிக் கோட்டைக்கும் அத்தட்டிகளுக்கும் தொடர்பு எதுவும் இல்லை என்றே முதலில் தோன்றும். ஆனால் ஐரோப்பியர் அவற்றுக்கு இட்ட பெயரைக் கேட்டவுடன் நமது கடல் நினைவுக்கு வந்துவிடும். அப்பெயர் 'கோரமண்டல்'.

சோழமண்டலம் என்னும் சொல்லே ஐரோப்பியர் நாவில் தேய்ந்து கோரமண்டல் ஆயிற்று என்பது அறிஞர் பெரும்பாலோர் ஒப்பும் கருத்து. இன்று ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களில் இத்தட்டிகளுக்குக் கீழே 'கோரமண்டல் அரக்கு' என்று எழுதியிருப்பதைக் காணலாம். அதைக் கண்டுவிட்டு, "இது நம்மவர் செய்ததா?" என்று ஆவலோடு என்னிடம் கேட்ட புலம்பெயர்ந்த நண்பர்கள் உண்டு. செய்ததே என்று தாமே முடிவு கட்டி, பெருமையோடு பேசியவர்களும் உண்டு.

சுருக்கமான விடை, இல்லை என்பதே. நாகப்பட்டினத்திலோ பழவேற்காட்டிலோ மசூலிப்பட்டினத்திலோ இத்தகைய தட்டி ஒன்றுகூடச் செய்யப்படவில்லை. ஆயினும் 'இல்லை' என்பதோடு விடயம் முடிந்துவிடவில்லை. பொருள் ஒருவருடையதாகவும் பெயர் இன்னொருவருடையதாகவும் ஆனது எப்படி என்று தேடிச் சென்றால், நாம் உண்மையாகவே உரிமை பாராட்டக்கூடிய வேறு சில செய்திகள் கிடைக்கின்றன. அவற்றைச் சொல்லவே இக்கட்டுரை.

அரக்கும் அரக்கும்

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் அரக்கு என்றால், மரக்கிளைகளில் கூட்டமாக ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின். பாண்டவரை எரிப்பதற்காகத் துரியோதனன் கட்டுவித்த மாளிகை இந்த அரக்கால் ஆனது. கடிதங்களுக்கு முத்திரையிட உதவியதும் இதுவே. வடமொழியில் 'லாக்ஷா' எனப்படும் இச்சொல்லே ஐரோப்பிய மொழிகளில் புகுந்து 'லாக்கர்' என்று ஆனது. மாத்தளைப் பகுதியில் இன்றும் கைவினைஞர் கைத்தடிகளுக்கும் பெட்டிகளுக்கும் ஏற்றும் வண்ண மெருகு இப்பூச்சி அரக்கினால் ஆனது. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இக்கைத்தொழிலையும் பதிவு செய்திருக்கிறார்.

சீன அரக்கு அதுவன்று. அது ஒரு மரத்தின் பால். மரத்தின் பட்டையைக் கீறி, சொட்டுச் சொட்டாக வடித்தெடுப்பார்கள். மா, முந்திரி, சேங்கொட்டை ஆகியவை எந்தத் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவையோ அதே குடும்பத்தைச் சேர்ந்தது இம்மரமும். சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் கொப்புளிப்பதை நம் ஊர்களில் அறியாதவர் இல்லை. சீன அரக்குப் பாலும் அவ்வாறே தோலைப் புண்ணாக்கும். இன்னொரு விந்தை, அது வெயிலில் காய்வதில்லை. காற்றில் ஈரப்பதம் இருந்தால்தான் இறுகும். ஆகவே ஈரப்பதமான அறையில் வைத்து, ஒரு பூச்சு இறுகிய பின்னரே அடுத்த பூச்சை இடுவார்கள். இறுகிய பின் நீரும் அமிலமும் அதை எளிதில் தொடா.

கோரமண்டல் எனப் பெயர் பெற்ற தட்டிகளில் மரப்பலகையின் மேல் களிமண், சாம்பல் போன்றவற்றைக் குழைத்த தடித்த அடித்தளம் இடப்படும். அதன்மேல் கறுப்பு அல்லது கரும்பழுப்பு அரக்கைப் பூசிப் பளபளப்பாகத் தேய்ப்பார்கள். பின்னர் சித்திரத்தின் கோடுகளைக் கருமெருகில் கீறி, உள்ளே உள்ள வெண்மையான தளம் தெரியும்வரை செதுக்கி எடுத்து, அக்குழிகளில் வண்ணங்களையும் பொன்னையும் நிரப்புவார்கள். சீனர் இதனைச் 'செதுக்கிய வண்ணம்' என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். சோழமண்டலத்துக்கு அப்பெயரில் இடமில்லை.

சித்திரத்தில் எழுதிய சிலேடை

இத்தட்டிகளில் வரையப்பட்டவை வெறும் பூவும் பறவையும் என்று எண்ணினால் பாதிச் செய்தியை இழந்துவிடுவோம். சீன மொழியில் ஒரே ஒலிக்குப் பல பொருள்கள் உண்டு. எழுத்து வேறு, ஒலி ஒன்று. இதனைக் கொண்டு ஓவியர்கள் கண்ணால் படிக்கும் சிலேடைகளை உருவாக்கினார்கள். காளமேகத்தின் பாட்டில் ஒரு சொல் இரு பொருள் தருவதைச் சுவைத்துப் பழகிய தமிழருக்கு இதை விளக்குவது கடினமன்று.

வௌவாலுக்குச் சீனத்தில் 'ஃபூ' என்று பெயர். நற்பேற்றுக்கும் 'ஃபூ' என்றே ஒலி. ஆகவே வௌவால் மங்கலச் சின்னம். ஐந்து வௌவால்கள் ஒன்றாகப் பறந்தால் நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், அறத்தில் நாட்டம், அமைதியான இறப்பு ஆகிய ஐந்து பேறுகளையும் வாழ்த்தாகக் கூறியதாகும். நம்மிடையே வௌவால் பாழடைந்த வீட்டின் அடையாளம். அதையே சீனர் மணமகளுக்கும் முதியோருக்கும் வாழ்த்தாக அனுப்பினர். மீனுக்கு 'யூ' என்று பெயர். மிகுதிக்கும் அதே ஒலி. எனவே மீன், வீட்டில் குறைவின்றி எஞ்சியிருக்கும் செல்வத்தைச் சுட்டும். மானுக்கு 'லூ', அரச உத்தியோகத்தின் ஊதியத்துக்கும் 'லூ'. பூச்சாடிக்கும் அமைதிக்கும் 'பிங்' என்ற ஒலி பொது. தட்டிகளின் ஓரங்களில் சாடிகளும் பழம்பாத்திரங்களும் வரிசை வரிசையாக இடம்பெறுவது இக்காரணத்தாலும்தான்.

ஒலியால் அன்றி இயல்பால் பொருள் தருவனவும் உண்டு. கொக்கும் தேவதாருவும் நீண்ட ஆயுள். விதை நிறைந்த மாதுளை மக்கட்பேறு. பனியிலும் வாடாத தேவதாரு, மூங்கில், குளிரில் மலரும் பிளம் ஆகிய மூன்றும் துன்பக் காலத்து நண்பர்கள்.

பெரிய தட்டிகளில் விருப்பத்துடன் வரையப்பட்ட காட்சி ஒன்று உண்டு. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாங் அரசமரபின் தளபதி குவோ சியியின் பிறந்தநாள் விழா அது. போரில் வென்று, நெடுநாள் வாழ்ந்து, மக்களும் பேரரும் சூழ வீற்றிருந்தவர் அவர். உயர் உத்தியோகத்தர் ஒருவர் முதுமை எய்தும்போது, நண்பர்களும் மாணாக்கரும் சேர்ந்து இத்தகைய தட்டியைப் பரிசளிப்பார்கள். முன்பக்கத்தில் தளபதியின் விழா. பின்பக்கத்தில் பரிசு பெறுபவரைப் போற்றும் வாசகம். அதாவது, அத்தட்டி ஒரு மனிதருக்கு எழுதப்பட்ட வாழ்த்துமடல். பலகைகளை வலமிருந்து இடமாக, வரிசை மாறாமல் பார்த்தால்தான் அம்மடலைப் படிக்க முடியும்.

கம்பனிக் கப்பல்களின் வழி

இத்தட்டிகள் மேற்கே சென்ற வழி நேர்வழி அன்று. சீனப் பாய்க்கப்பல்கள் அவற்றை யாவாத் தீவின் பாந்தம், பத்தாவியா ஆகிய துறைமுகங்களுக்குக் கொண்டுவந்தன. அங்கே ஒல்லாந்தக் கம்பனியாரும் ஆங்கிலக் கம்பனியாரும் வாங்கினர். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் இவ்வகை வேலைப்பாட்டைப் 'பாந்தம் வேலை' என்றே அழைத்தனர். 1682ஆம் ஆண்டில் பாந்தம் ஒல்லாந்தர் கைக்குள் வந்து ஆங்கிலேயர் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. இந்தியத் துறைமுகங்கள் வழியாகவும் சீனச் சரக்குகள் மேற்கே சென்றன. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகர ஏலப் பட்டியல்களில் 'கோரமண்டல்' என்னும் பெயர் ஏறியது, அதுவே நிலைத்துவிட்டது. வாங்குபவருக்குத் தெரிந்தது கப்பல் கடைசியாகப் புறப்பட்ட கரை மட்டுமே.

எனினும் சோழமண்டலக் கரை வெறும் இடைத்தங்கல் அன்று. தென்கிழக்காசியச் சந்தைகளில் ஐரோப்பியரின் வெள்ளியைக் காட்டிலும் சில வேளைகளில் எளிதாகச் செலாவணியானது சோழமண்டலத் துணி. அதனால்தான் ஒல்லாந்தர் 1613ஆம் ஆண்டிலேயே பழவேற்காட்டில் கோட்டை கட்டினர். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பறித்தனர். நம் நெசவாளர் நெய்த துணியும் சாயக்காரர் தோய்த்த நிறமும் யாவாவில் மிளகாகவும் பிற சரக்காகவும் மாறின. நமது கரையின் பெயர் அத்தட்டிகளில் ஒட்டிக்கொண்டதற்கு ஏதேனும் நியாயம் உண்டென்றால், அது அந்தத் தறிகளில்தான் இருக்கிறது.

கற்பிட்டியின் இடம் இங்கேதான் வருகிறது. 1658ஆம் ஆண்டில் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் அடுத்தடுத்துக் கைப்பற்றியவர் ரிக்ளொப் வான் கூன்ஸ். பின்னர் அவர் இலங்கையின் ஆளுநராக இருந்த காலத்தில்தான் கற்பிட்டிக் கோட்டை எழுந்தது. புத்தளம் களப்பின் வாயைக் காவல் செய்யும் இடம் அது. கண்டி இராச்சியத்தின் பாக்கு இக்களப்பின் வழியே சோழமண்டலத்துக்குச் சென்றது. அங்கிருந்து துணியும் அரிசியும் வந்தன. இந்தப் போக்குவரத்தைத் தம் கைக்குள் வைத்து, கண்டி மன்னனின் கடல்வாசலை அடைப்பதே கோட்டையின் நோக்கம். சீன அரக்கை அம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுசென்ற அதே கம்பனிதான், கற்பிட்டிக்கு வந்த சிறு தோணிகளின் துணிச் சிப்பங்களை எண்ணிக்கொண்டிருந்தது.

இன்று கடற்படையின் பொறுப்பில் உள்ள அக்கோட்டையை நான் பார்த்திருக்கிறேன். வாயில் செங்கல், சுவர்கள் பவளக்கல்லும் சுண்ணக்கல்லும். உள்ளே தளபாடம் என்று சொல்ல எதுவுமில்லை. 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றிய பின் ஒல்லாந்தக் கம்பனியின் காலம் அங்கே முடிந்தது. ஆனால் ஊருக்குள் எந்த வீட்டிலும் அவர்கள் விட்டுச் சென்றவை இருக்கின்றன. கதிரை, மேசை, அலுமாரி ஆகியவை போர்த்துக்கேயச் சொற்கள். மேசையின் லாச்சி ஒல்லாந்தச் சொல். மரம் உக்கிப்போனாலும் சொல் உக்குவதில்லை.

அறுத்துப் போட்ட வாழ்த்து

ஐரோப்பாவை அடைந்த தட்டிகளுக்கு என்ன நேர்ந்தது? ஒல்லாந்து நாட்டின் லேயுவார்டன் நகரில், பிரீஸ்லாந்து ஆளுநரின் மனைவியாக வந்து விதவையான இளவரசி அல்பெர்டின் அக்னெஸ், 1695ஆம் ஆண்டுக்கு முன்னர் தமது அரண்மனையில் ஓர் அறையின் சுவர் முழுவதையும் சீன அரக்கால் போர்த்தினார். அதற்காகத் தட்டிகளை அறுத்துத் துண்டாக்கினர். அவ்வறை இன்று அம்ஸ்டர்டாம் றிக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்ணைப் பறிக்கும் அழகுதான். ஆனால் அறுபட்டவை பலகைகள் மட்டுமா?

இங்கிலாந்தில் தச்சர்கள் தட்டிகளைத் துண்டுபோட்டு அலுமாரிகளும் கண்ணாடிச் சட்டங்களும் செய்தனர். துண்டுகள் பொருந்தினால் போதும். படம் பொருந்த வேண்டியதில்லை. 1688ஆம் ஆண்டில் அரக்கு மெருகு பற்றி நூல் எழுதிய ஸ்டோக்கரும் பார்க்கரும், மனிதர்கள் தலைகீழாகவும் மலைகள் குறுக்காகவும் நிற்கும் இத்தகைய அலுமாரிகளை எள்ளி நகையாடியிருக்கிறார்கள். பாரிஸ் தச்சர்கள் இன்னும் ஒருபடி சென்று, அரக்குத் தோலை மெல்லியதாக உரித்து, வளைந்த பெட்டகங்களின் மேல் ஒட்டினர். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிரித்துவிட்டால், வாழ்த்து ஓரிடத்திலும் வாழ்த்தப்பட்டவர் இன்னோரிடத்திலும் போய்விடுவார்கள். ஐந்து வௌவால்களில் மூன்று ஒரு கதவிலும் இரண்டு இன்னொரு கதவிலும் ஏறினால், ஐந்து பேறுகள் என்ற கணக்கு எங்கே நிற்கும்?

20ஆம் நூற்றாண்டிலும் இவ்வழக்கம் மறையவில்லை. ஆடை வடிவமைப்பில் புகழ்பெற்ற கோகோ ஷனெல் பாரிஸிலுள்ள தமது இல்லத்தில் இத்தட்டிகளைச் சுவரோடு சுவராகப் பொருத்தி வைத்திருந்தார். அவர் பெயரிலான நிறுவனம் 2007ஆம் ஆண்டில் 'கோரமண்டல்' என்றே ஒரு வாசனைத் திரவியத்தை வெளியிட்டது. சோழமண்டலம் கரையாக இருந்து, அரக்காகி, இப்போது சீசாவுக்குள்ளும் இருக்கிறது.

இலங்கைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நம் தீவின் காடுகளில் மட்டுமே வளர்ந்த கருங்காலி இன மரம் ஒன்றைச் சிங்களத்தில் களுமெதிரிய என்பார்கள். கரும்பழுப்பு வரிகள் ஓடும் பேரழகான மரம். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதைத் தளபாடத்துக்காக வெட்டித் தீர்த்தனர். 1859ஆம் ஆண்டில் எமர்சன் டெனன்ட் தமது இலங்கை நூலை வெளியிட்டபோதே அம்மரம் அருகிப் போயிருந்தது. ஆங்கிலத்தில் 'கலமாண்டர்' எனப்பட்ட இம்மரத்தைத் தளபாட வணிகர் 'கோரமண்டல் மரம்' என்றும் விற்றனர்.

காலிக் கல்லில் ஐந்து பேழைகள்

இவ்வளவையும் படித்த வாசகர், அப்படியானால் சீன அரக்கு நம் கரையில் இறங்கியதே இல்லையா என்று கேட்கலாம். இறங்கியது. அதற்குக் கல்லில் சாட்சி இருக்கிறது.

1911ஆம் ஆண்டில் காலி நகரில் ஒரு மதகை மூடியிருந்த கல்லைப் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு இலங்கைக்கு வந்த கல் அது. 1409ஆம் ஆண்டுக்குரிய அக்கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்முனையில் கோயில் கொண்டிருந்த தெனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய நெறிப்படியும் காணிக்கை செலுத்துகின்றன. கொழும்பு தேசிய நூதனசாலையில் அக்கல்லை இன்றும் காணலாம்.

சீனப் பகுதியிலுள்ள காணிக்கைப் பட்டியலில் பொன், வெள்ளி, பட்டு, தூபக்கால், விளக்கு, எண்ணெய் ஆகியவற்றோடு, செவ்வரக்குப் பூசிப் பொற்கோடு செதுக்கிய வாசனைப் பேழைகள் ஐந்து குறிக்கப்பட்டுள்ளன. அரக்கில் கீறிப் பொன் நிரப்பும் அந்த நுட்பம், பின்னாளில் கோரமண்டல் எனப்பட்ட தட்டிகளின் நுட்பத்துக்கு நெருங்கிய உறவு. ஆக, ஐரோப்பியர் இக்கடலுக்கு வருவதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, சீன அரக்கின் பெயரும் எண்ணிக்கையும் தமிழ் எழுத்துகளோடு ஒரே கல்லில் நிற்கின்றன.

அந்தப் பேழைகள் இன்று இல்லை. தெனவரைக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588ஆம் ஆண்டில் அழித்தனர். சீன மட்பாண்டங்கள் மாந்தையிலும், யாழ்ப்பாணத்துக்கு அருகே அல்லைப்பிட்டியிலும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. ஓடு மண்ணில் நூற்றாண்டுகள் கிடக்கும். அரக்கைத் தாங்கிய மரத்தைக் கறையான் விட்டுவைக்காது. ஆகவே நமது கடற்கரையின் வரலாற்றில் ஓடுகள் நிறையவும் அரக்கு பட்டியலில் மட்டுமாகவும் எஞ்சிவிட்டன.

இங்கே கற்பிட்டியில் பிறந்த ஒரு மனிதரை நினைவுகூராமல் முடிக்க மனம் வரவில்லை. சைமன் காசிச்செட்டி 1807ஆம் ஆண்டில் அவ்வூரில் பிறந்தவர். தமிழ்ப் புலவர் வரலாறு கூறும் 'தமிழ் புளூட்டாக்' நூலால் அவரை அறிந்தவர்கள் பலர். அதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1834இல், இலங்கையின் ஊர்களையும் துறைகளையும் அகரவரிசையில் தொகுத்து ஒரு விவரநூல் வெளியிட்டவர் அவர். ஓர் ஊரின் பெயரை எழுதினால் அதன் கீழே அங்கு என்ன இருக்கிறது, யார் வாழ்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டும் என்பது அவர் கடைப்பிடித்த முறை. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மனிதரை விட்டுவிடுவது ஏலக்காரரின் முறை.

அந்த முறை இன்றும் மாறவில்லை. கற்பிட்டிக் கடலில் மீனவர் மூழ்கி எடுக்கும் கடலட்டையை அங்கே எவரும் உண்பதில்லை. அவித்து உலர்த்தி ஹொங்கொங்குக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்புகிறார்கள். சீன விருந்துகளில் அது விலையுயர்ந்த உணவு. கப்பல் ஏறிய பின் எந்தப் பெயரில் அது விற்கப்படுகிறது என்பதில் மூழ்கியவருக்குப் பங்கில்லை.

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை ஏதோ ஒரு நாட்டு அருங்காட்சியகத்தில் 'கோரமண்டல்' என்ற எழுத்தைக் காணும்போது, நம்முடையது என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். செதுக்கிய கை சீனத்துக் கை என்று சொல்லுங்கள். வௌவாலைக் காட்டி அதன் சிலேடையை விளக்குங்கள். பலகைகள் வரிசையாக இருக்கின்றனவா, அறுபட்டனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு, அந்தப் பெயரை அதற்கு ஈட்டித் தந்தவர்கள் சோழமண்டலத்தில் தறியின் முன் அமர்ந்திருந்த நெசவாளர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கொழும்புக்கு வந்தால் நூதனசாலையில் அந்தக் கல்லின் முன் அவர்களை நிறுத்தி, தமிழ் வரிகளைக் காட்டுங்கள்.